இரண்டரைக் கட்டையில் ஒரு ஜமைக்காக்காரர்

வாசகர் கேள்வி – பதில்: காற்று வாத்தியங்கள்

சென்ற இதழில் இந்தோ-ஜாஸ், அதாவது இந்திய இசையும் ஜாஸும் கலந்த இசைத்தட்டுகளைப் பற்றி நான்கு வரித் துணுக்கு ஒன்று வந்திருந்தது. ஜோ ஹாரியட் என்ற ஜாஸ் சாக்ஸபோன்காரரின் பெயர் அதில் ஒரே ஒருமுறைதான் வந்தது. அதற்கே மார்த்தாண்டத்திலிருந்தும் நெய்யாற்றின்கரையிலிருந்தும், மலைக்கு இந்தப் பக்கம் செங்கோட்டையிலிருந்தும் அந்தப் பக்கம் புனலூரிலிருந்தும் கடிதங்கள் வந்துவிட்டன. எழுதியவர்களில் பாதிப் பேர் சாக்ஸபோனைக் கையில் வைத்திருப்பவர்கள். ஆகவே இந்த மாதப் பக்கம் முழுக்க சாக்ஸபோனுக்கே.

*

ஹாரியட்டை பிரிட்டிஷ் கலைஞர் என்று எழுதியிருந்தீர்கள். தேடிப் பார்த்தால் ஜமைக்காவில் பிறந்தவர் என்று வருகிறது. எது சரி? அவர் வாழ்க்கையைக் கொஞ்சம் விரிவாகச் சொல்லுங்கள்.
– பேண்டு செட்டில் ஆல்ட்டோ சாக்ஸபோன் வாசிப்பவர், மார்த்தாண்டம்

இரண்டும் சரிதான். அவர் பிறந்த 1928-இல் ஜமைக்கா பிரிட்டனின் காலனி. விடுதலை கிடைத்தது 1962-இல். அதற்குப் பதினொரு ஆண்டு முன்பே அவர் லண்டன் போய்ச் சேர்ந்துவிட்டார். தொழில் செய்தது, இசைத்தட்டு போட்டது, இறந்தது எல்லாம் இங்கிலாந்தில்தான். உங்கள் தாத்தா 1940-களில் மார்த்தாண்டத்தில் பிறந்தவர் என்றால் அவரைத் திருவிதாங்கூர்க்காரர் என்பீர்களா, தமிழ்நாட்டுக்காரர் என்பீர்களா? அதே கணக்குதான் இதுவும்.

ஹாரியட் பிறந்தது ஜூலை 15, கிங்ஸ்டன் நகரத்தில். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, கத்தோலிக்க அருட்சகோதரிகள் நடத்திய ஆல்ஃபா பாய்ஸ் ஸ்கூலில் சேர்க்கப்பட்டார். தையல், அச்சுவேலை மாதிரி கைத்தொழில்களோடு பேண்டு வாத்தியமும் சொல்லிக்கொடுத்த இல்லம் அது. முதலில் கையில் கிடைத்தது கிளாரினெட். சாக்ஸபோனுக்கு வந்தது அதன் பிறகு. ஜமைக்கா இசையின் பெரிய பெயர்களில் பல அந்த இல்லத்து பேண்டில் ஊதிப் பழகியவைதான். டிராம்போன் வாசித்த டான் டிரம்மண்ட், டிரம்பெட் வாசித்த டிஸ்ஸி ரீஸ் இருவரும் அங்கே படித்தவர்கள். ஞாயிற்றுக்கிழமை சர்ச் வளாகத்தில் ஸ்கேல் வாசித்துப் பழகும் நம் பக்கத்துப் பையன்களுக்கு இந்தச் சூழலை விளக்கிச் சொல்லத் தேவையில்லை.

1951-இல் ஆஸி டா கோஸ்டா என்பவரின் குழுவோடு பிரிட்டன் வந்தவர் அங்கேயே தங்கிவிட்டார். அப்போது வயது 23. டிரம்ஸ்காரர் டோனி கின்சியின் குழுவிலும், ரோனி ஸ்காட் நடத்திய பெரிய பேண்டிலும் வாசித்தார். 1950-களின் இறுதியில் சொந்தமாக ஒரு குவின்டெட், அதாவது ஐவர் குழு அமைத்தார். டிரம்பெட்டும் ஃப்ளூகல்ஹார்னும் வாசித்த ஷேக் கீன் கரீபியனின் செயின்ட் வின்சென்ட் தீவுக்காரர். டபுள் பாஸ் வாசித்த கோலரிட்ஜ் கூட் ஜமைக்காக்காரர். பியானோவில் பேட் ஸ்மித். டிரம்ஸில் ஃபில் சீமன், பாபி ஆர் இருவரும். ஹாரியட்டின் பெயர் நிலைத்ததற்குக் காரணம் இந்தக் குழு 1960-க்கும் 1962-க்கும் இடையில் பதிவுசெய்த இரண்டு தட்டுகள்: ‘ஃப்ரீ ஃபார்ம்’, ‘ஆப்ஸ்ட்ராக்ட்’. இரண்டாவதற்கு அமெரிக்காவின் ‘டவுன் பீட்’ பத்திரிகை ஐந்து நட்சத்திரம் கொடுத்தது. அந்தக் காலத்தில் பிரிட்டனில் பதிவான ஜாஸ் தட்டுக்கு அந்தப் பத்திரிகை அத்தனை நட்சத்திரம் கொடுத்தது சாதாரண விஷயம் இல்லை.

ஷேக் கீன் 1965-இல் ஜெர்மனிக்குப் போனதும் குழு கலைந்தது. அதே ஆண்டில்தான் கல்கத்தாவில் பிறந்த வயலின் கலைஞர் ஜான் மேயருடன் இந்தோ-ஜாஸ் வேலை ஆரம்பமானது. அதைப் பற்றி நாலாவது கேள்வியில். 1969-இல் கோவா வம்சாவளி கித்தார் கலைஞர் அமான்சியோ டிசில்வாவுடன் ‘ஹம் தோனோ’ என்ற தட்டு. அதன் பிறகு நிரந்தரக் குழு எதுவும் இல்லை. ஊர் ஊராகப் போய், அங்கங்கே இருக்கும் பியானோ, பாஸ், டிரம்ஸ்காரர்களோடு சேர்ந்து வாசித்துப் பிழைத்தார். வருமானம் இறங்கிக்கொண்டே போனது. 1973 ஜனவரி 2-ஆம் தேதி சவுத்தாம்ப்டனில் புற்றுநோயால் இறந்தார். வயது 44.

*

ஹாரியட், அமெரிக்க ஆல்ட்டோ கலைஞர் சார்லி பார்க்கரின் நகல் என்று என் நண்பர் சொல்கிறார். உண்மையா?
– வாசகர், பாறசாலை

1950-களின் ஆரம்பத்தில் ஆல்ட்டோ கையில் எடுத்த எல்லோருமே பார்க்கரை நகல் எடுத்தவர்கள்தான். ராஜரத்தினம் பிள்ளைக்குப் பிறகு நாதஸ்வரத்தில் தோடி வாசிக்க உட்கார்ந்தவர்கள் நிலைமை என்னவோ அதேதான். ஹாரியட்டின் ஆரம்பப் பதிவுகளில் பார்க்கரின் வேகமும் சொற்கட்டும் அப்படியே கேட்கும். ஆனால் ஒலி வேறு. ஹாரியட்டின் ஆல்ட்டோ ஒலி இன்னும் கூர்மையானது, கொஞ்சம் அழுகை கலந்தது. நீண்ட சுரத்தின் முடிவில் ஒரு நடுக்கம் வரும். 1960-க்குப் பிறகு நகல் என்ற பேச்சே எடுபடாது.

உங்கள் நண்பருக்குப் பதில் ஹாரியட்டின் கல்லறைக் கல்லிலேயே இருக்கிறது. அவர் சொன்னதாகவே பொறித்திருக்கிறார்கள்: பார்க்கரா? இங்கேயும் ஒன்றிரண்டு துருப்புச் சீட்டு போடத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள்!

*

‘ஃப்ரீ ஃபார்ம்’ கேட்டேன். ஐந்து பேரும் ஐந்து திசையில் போகிற மாதிரி இருந்தது. தாளமும் பிடிபடவில்லை. இது அமெரிக்க சாக்ஸபோன்காரர் ஆர்னெட் கோல்மன் செய்ததைப் பார்த்துச் செய்தது என்கிறார்களே?
– ஓய்வுபெற்ற இசை ஆசிரியர், செங்கோட்டை

முதலில் காலக் கணக்கைப் பார்த்துவிடுவோம் ஐயா. ஹாரியட்டின் ‘ஃப்ரீ ஃபார்ம்’ பதிவானது 1960 நவம்பரில். கோல்மனின் ‘ஃப்ரீ ஜாஸ்’ பதிவானது அதே ஆண்டு டிசம்பரில். கோல்மனின் முந்தைய தட்டுகள் வெளிவந்திருந்தன என்பது உண்மைதான். ஆனால் கேட்டுப் பார்த்தால் இரண்டும் ஒரு வழி இல்லை என்று தெரிந்துவிடும். கோல்மனின் குழுக்களில் அப்போது பியானோவே கிடையாது. ஹாரியட் பியானோவை வைத்துக்கொண்டே இந்தக் காரியத்தைச் செய்தார். பியானோ இருந்தால் கார்டு (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டு) இருக்கும், கார்டு இருந்தால் பாதை இருக்கும் என்பது வழக்கம். அந்த வழக்கத்தைத்தான் பேட் ஸ்மித் உடைக்கிறார்: கார்டு வரிசை போடாமல், மற்றவர் வாசித்து முடித்த இடத்திலிருந்து இரண்டு சுரத்தை எடுத்துத் திருப்பிப் போடுகிறார்.

‘ஆப்ஸ்ட்ராக்ட்’ தட்டின் அட்டைக் குறிப்பில் ஹாரியட்டே தன் விதியைச் சொல்லியிருக்கிறார். ஜாஸுக்கு வழக்கமான அங்கங்கள் எவை? மாறாத தாளக்கட்டு, சீரான வேகம், ஒரு மெட்டு, எதிர்பார்க்கக்கூடிய கார்டு வரிசை, அளவெடுத்த பார்கள் (தாளத் துண்டுகள்). ஒவ்வொரு உருப்படியிலும் இவற்றில் ஒன்றையாவது வைத்துக்கொள்வோம், தேவைப்பட்டால் மற்ற எல்லாவற்றையும் விட்டுவிடுவோம் என்பதுதான் விதி. எது மிச்சம் இருக்கிறது என்று கண்டுபிடித்தால் போதும், உருப்படி கைக்குள் வந்துவிடும்.

கேட்கும் முறை ஒன்று சொல்கிறோம். ‘ஃபார்மேஷன்’ என்ற முதல் உருப்படியை எடுத்துக்கொள்ளுங்கள். முதல் தடவை கோலரிட்ஜ் கூடின் பாஸை மட்டும் பின்தொடருங்கள். அவர் எங்கே நடக்கிறார், எங்கே நிற்கிறார் என்பதே உருப்படியின் எலும்பு. செல்போன் ஸ்பீக்கரில் பாஸ் கேட்காது. இயர்போன் போட்டே ஆக வேண்டும். ‘தாளம் பிடிபடவில்லை’ என்று எழுதுபவர்களில் பலர் பாஸே இல்லாமல் கேட்டவர்கள். இரண்டாவது தடவை ஹாரியட்டும் ஷேக் கீனும் ஒருவருக்கொருவர் பதில் சொல்லும் இடங்களை மட்டும் கவனியுங்கள். மூன்றாவது தடவை மௌனங்களை. இந்தக் குழுவில் ஒருவர் நிறுத்தினால் மற்றவர் உடனே ஓடிவந்து இடத்தை நிரப்புவதில்லை. ஆளுக்கு ஐந்து நிமிஷம் என்று முறைபோட்டுத் தனி வாசிப்பு கிடையாது. நம் கச்சேரியில் தனி ஆவர்த்தனத்தின் கடைசியில் மிருதங்கமும் கடமும் குறைப்பில் இறங்கி, ஒருவர் விட்டதை மற்றவர் எடுக்கிறார்களே, அந்தக் காதுதான் இங்கே ஐந்து பேருக்கும் வேண்டியிருக்கிறது. நான்கு தடவை கேட்டும் பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். பிடித்தே ஆக வேண்டும் என்று சட்டம் ஒன்றும் இல்லை.

*

இந்தோ-ஜாஸ் தட்டில் ‘ராக மேகா’ என்று ஒன்று இருக்கிறது. எனக்கு மத்தியமாவதி மாதிரியே கேட்டது. என்னிடம் ஆல்ட்டோ இருக்கிறது. பக்கத்துக் கோவிலில் நாதஸ்வரத்தோடு சேர்த்து இரண்டரைக் கட்டை சுருதியில் வாசிக்க வேண்டியிருக்கிறது. எந்த விரலில் சட்ஜம் வைப்பது? கமகம் (சுர அசைவு) ஏன் வரமாட்டேன் என்கிறது?
– கல்லூரி மாணவர், களியக்காவிளை

தம்பி, நீங்கள் கேட்டது சரியாகத்தான் கேட்டிருக்கிறது. இந்துஸ்தானி மேகமும் நம் மத்தியமாவதியும் ஒரே ஐந்து சுரம்: ச, சதுச்ருதி ரி, சுத்த ம, ப, கைசிகி நி. ஆனால் நடை வேறு. மேகத்தில் மத்யமத்திலிருந்து ரிஷபத்துக்கு வழுக்கி இறங்கும் இடம்தான் உயிர். மங்களத்துக்கு முன்னால் பாடும் மத்தியமாவதியின் சாந்தத்தை அங்கே தேடக்கூடாது.

அந்தத் தட்டின் பெயர் ‘இண்டோ-ஜாஸ் ஸ்வீட்’. 1965-இல் பதிவாகி 1966-இல் வெளிவந்தது. இசையை எழுதியவர் ஜான் மேயர். லண்டன் பில்ஹார்மோனிக், ராயல் பில்ஹார்மோனிக் இரண்டு ஆர்கெஸ்ட்ராக்களிலும் வயலின் வாசித்தவர். ஒரு பக்கம் ஜாஸ் ஐவர்: ஆல்ட்டோ, டிரம்பெட், பியானோ, பாஸ், டிரம்ஸ். மறுபக்கம் இந்திய ஐவர்: மேயரின் வயலின், திவான் மோதிஹாரின் சிதார், கிறிஸ் டெய்லரின் புல்லாங்குழல், கேசவ் சாத்தேயின் தபலா, சந்திரஹாஸ் பைகாங்கரின் தம்புரா. நான்கு உருப்படிகளில் ராகத்தின் பெயர் தாங்கியவை இரண்டு: ராக மேகா, ராக கௌட்-சாரங்கா.

இந்த இடத்தில் ஒரு பிழையைத் திருத்த வேண்டும். ‘ஹாரியட் ராகம் வாசித்தார்’ என்று பலர் எழுதுகிறார்கள். ராகத்தின் சுரங்களுக்குள் நின்று கற்பனையாக வாசித்தார் என்பதே சரி. ராகத்தைக் கட்டமைத்தது மேயரின் எழுத்து. ஜாஸ்காரர் கார்டு மாற மாற அதைப் பிடித்துக்கொண்டு நடப்பவர். தம்புரா ஒரே இடத்தில் நிற்கும்போது அந்தப் பிடி போய்விடுகிறது. ‘ஃப்ரீ ஃபார்ம்’ காலத்திலேயே கார்டு இல்லாமல் நடந்து பழகியவர் என்பதால்தான் ஹாரியட் அங்கே தடுமாறவில்லை. ஹாரியட்டின் இந்திய இசையைப் பற்றி நமக்குச் சொல்லத் தோன்றுவது இது ஒன்றுதான். கமகம் கற்றுக்கொள்ள அந்தத் தட்டைக் கேட்காதீர்கள். அதற்குக் கத்ரி கோபால்நாத்தின் பதிவுகள் இருக்கின்றன. மங்களூர்ப் பக்கத்துக்காரர். மைசூர் அரண்மனை பேண்டில் இந்த வாத்தியத்தைப் பார்த்து ஆசைப்பட்டவர். கர்நாடக இசைக்காகக் கீகளில் சில மாற்றங்கள் செய்துகொண்டவர். 1994-இல் லண்டன் ராயல் ஆல்பர்ட் ஹாலில் பி.பி.சி.யின் ‘ப்ராம்ஸ்’ இசைவிழாவில் வாசித்தவர்.

இனி உங்கள் ஆல்ட்டோ. அது ஈ ஃபிளாட் வாத்தியம். நீங்கள் ‘சி’ விரல் வைத்தால் ஒலிப்பது ஈ ஃபிளாட். இரண்டரைக் கட்டை என்பதும் அதே ஈ ஃபிளாட்தான். ஆகவே சி-யில் சட்ஜம். சுலபமான கட்டை உங்களுக்கு வாய்த்திருக்கிறது. மற்றக் கட்டைகளுக்கு ஒரு கணக்கு: ஆர்மோனியத்தில் சுருதிக் கட்டையிலிருந்து மூன்று அரைச்சுரம் கீழே இறங்குங்கள், அதுதான் ஆல்ட்டோ விரல். ஒரு கட்டைக்கு ‘ஏ’, நாலு கட்டைக்கு ‘டி’, ஐந்து கட்டைக்கு ‘ஈ’. டெனர் (ஆல்ட்டோவை விடப் பெரிய சாக்ஸபோன்) வைத்திருப்பவர்கள் இரண்டு அரைச்சுரம் மேலே ஏற வேண்டும். இரண்டரைக் கட்டைக்கு ‘எஃப்’.

ஐந்து நிமிஷம் ஊதி வாத்தியம் சூடான பிறகே சுருதி சேருங்கள். குளிர்ந்த குழாயில் சேர்த்தால் இரண்டாவது பாட்டில் சுருதி ஏறியிருக்கும். நடு சி-யை, அதாவது இடது நடுவிரல் மட்டும் வைத்து, சுருதிப் பெட்டியோடு ஊதுங்கள். ஏறியிருந்தால் மவுத்பீஸைக் கார்க்கில் வெளியே இழுங்கள். இறங்கியிருந்தால் உள்ளே தள்ளுங்கள். ஒரு தடவைக்கு ஒரு மில்லிமீட்டர் போதும். பிறகு பஞ்சமம் (ஜி), மேல் சட்ஜம் இரண்டையும் சரிபாருங்கள்.

உங்கள் சிக்கல் ரிஷபத்தில் இருக்கும் என்று ஊகிக்கிறோம். ச-வுக்கு ஒரே விரல். ரி (டி) வாசிக்க ஆறு விரலும் ஆக்டேவ் கீயும். ஒரு விரலிலிருந்து ஏழு விரலுக்குத் தாவும்போது எந்த வழுக்கலும் வராது; டப் என்று ஒடியும். அதோடு பெரும்பாலான ஆல்ட்டோக்களில் அந்த நடு டி கொஞ்சம் ஏறியே ஒலிக்கும். அசையாமல் நிற்க வேண்டிய ரிஷபத்துக்கு இந்த விரலையே வையுங்கள், தாடையைச் சற்றுத் தளர்த்தி. ச-ரி-ச என்று சேர்த்து வரும் இடத்தில் மட்டும் வேறு வழி: ஆக்டேவ் கீ வேண்டாம், எல்லா விரலையும் எடுத்துவிட்டு, இடது உள்ளங்கைப் பக்கம் இருக்கும் டி கீயை மட்டும் அழுத்துங்கள். ஒலி மெலிதாகத்தான் வரும். ஆனால் ஒட்டு தெரியாது.

ம-ரி வழுக்கல் இதற்கு நேர் எதிர்; அது இந்த வாத்தியத்துக்கு என்றே செய்தது போல் வரும். எஃப் ஊதிக்கொண்டே வலது நடுவிரல், மோதிரவிரல் கீகளை ஒரேயடியாகத் தட்டாமல் மெதுவாக, பாதி வழியில் தயங்கித் தயங்கி இறக்குங்கள். கூடவே தாடையைக் கொஞ்சம் கீழே விடுங்கள். இரண்டும் சேர்ந்தால்தான் இடைச்சுரங்கள் கோடாக வரும். விரல் மட்டும் இறங்கினால் படிக்கட்டு, தாடை மட்டும் இறங்கினால் அபசுரம்.

நிஷாதம் பி ஃபிளாட். அதற்கு மூன்று விரல்முறை உண்டு. ப-நி-ச போகும்போது வலது கைப் பக்கக் கீயால் வரும் பி ஃபிளாட்டையே எடுங்கள். ஜி-க்கு இடது மூன்று விரல். மோதிரவிரலை எடுத்துப் பக்கக் கீயைத் திறந்தால் பி ஃபிளாட். ஆள்காட்டியையும் பக்கக் கீயையும் விட்டால் சி. மூன்று சுரத்திலும் நடுவிரல் இடத்தை விட்டு அசையவே இல்லை, பாருங்கள்.

கமகம் ஏன் வரவில்லை என்று கேட்டீர்களே. நாதஸ்வரத்தில் விரல் துளையைத் தொடுகிறது. பாதி மூடலாம், கால் மூடலாம், தேய்க்கலாம். சாக்ஸபோனில் உங்கள் விரல் துளையைத் தொடுவதே இல்லை. கீயைத் தொடுகிறது, கீ பேடை (துளையை மூடும் தோல் மெத்தையை) இறக்குகிறது. துளையும் பெரிது. பேடு ஒரு நூல் தூக்கினாலே சுரம் பெரும்பாலும் மாறி முடிந்துவிடும். ஆகவே அசைவில் பெரும்பங்கு உதட்டிலும் தாடையிலும்தான். உதட்டால் சுரத்தைக் கீழே இழுப்பது எளிது, மேலே தூக்குவது கடினம். அதனால் அசைவை மேல் சுரத்தில் தொடங்கிக் கீழே வாருங்கள். ரீடு (மவுத்பீஸில் கட்டும் நாணல் சீவல்) மூன்றாம் நம்பர் என்றால் இரண்டரைக்கு இறங்குங்கள். கடினமான ரீடில் உதடு வளையாது.

*

ஹாரியட்டுக்குக் காசநோய் வந்ததாகப் படித்தேன். என் மகன் எட்டாம் வகுப்பு, சர்ச் பேண்டில் சேர்ந்து சாக்ஸபோன் பழகுகிறான். ஊதி ஊதி நெஞ்சு கெட்டுவிடும் என்று வீட்டில் பெரியவர்கள் பயப்படுகிறார்கள்.
– ஒரு தாய், நெய்யாற்றின்கரை

பயம் வேண்டாம் அம்மா. ஹாரியட்டுக்குக் காசநோய் வந்து மருத்துவமனையில் இருந்தது உண்மை. ஆனால் அது கிருமியால், நோயுள்ளவர் இருமும் காற்றின் வழியாக வரும் நோய். ஊதுவதால் வருவதில்லை. இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் இருந்தால், வாத்தியம் ஊதினாலும் ஊதாவிட்டாலும், அரசு மருத்துவமனையில் சளிப் பரிசோதனை செய்ய வேண்டும். அங்கே அது இலவசம்.

நீங்கள் கவனிக்க வேண்டியது மவுத்பீஸ். பேண்டு செட்டுகளில் மூன்று பையன்களுக்கு ஒரு வாத்தியம், ஒரே மவுத்பீஸ் என்று ஓட்டுவது சகஜம். வாத்தியம் பொதுவாக இருக்கட்டும்; மவுத்பீஸும் ரீடும் மகனுக்குச் சொந்தமாக இருக்கட்டும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீரிலும் கொஞ்சம் சோப்பிலும் கழுவச் சொல்லுங்கள். கொதிக்கும் தண்ணீர் கூடாது, மவுத்பீஸின் கறுப்பு எபனைட் (கெட்டி ரப்பர்) பச்சையாக வெளுத்து நாற ஆரம்பிக்கும். ரீடை வாசித்த பிறகு மவுத்பீஸிலேயே விட்டுவைத்தால் நம் ஈரக்காற்றில் சில நாளிலேயே பூஞ்சை பிடிக்கும். கழற்றித் துடைத்துத் தட்டையான இடத்தில் காயவிட வேண்டும்.

*

பிரிட்டனில் வேறு பெரிய சாக்ஸபோன்காரர்களே இல்லையா? அமெரிக்கர்கள் பெயர்தான் எங்கும் அடிபடுகிறது.
– வாசகர், புனலூர்

இருக்கிறார்கள், நிறைய. அவர்கள் பெயர் வெளியே வராததற்குப் பாதிக் காரணம் தொழிற்சங்கங்களின் சண்டை. 1930-களின் நடுவிலிருந்து 1950-களின் நடுவரை அமெரிக்க பேண்டுகள் பிரிட்டனில் வாசிக்கக் கிட்டத்தட்டத் தடை, பிரிட்டிஷ் பேண்டுகளுக்கு அமெரிக்காவிலும் அப்படியே. பிறகு ஆளுக்கு ஆள் என்று பண்டமாற்று முறை வந்தது. 1959 அக்டோபர் 30-ஆம் தேதி டெனர் கலைஞர் ரோனி ஸ்காட், நண்பர் பீட் கிங்குடன் சேர்ந்து லண்டன் ஜெரார்ட் தெரு 39-ஆம் எண் கட்டடத்தின் நிலவறையில் ஒரு கிளப் திறந்தார். 1961-இல் அங்கே வாசிக்க அமெரிக்காவின் ஸூட் சிம்ஸ் வந்தார். அதற்கு ஈடாக நியூயார்க்கின் ஹாஃப் நோட் கிளப்புக்குப் போனவர் டபி ஹேஸ்.

இந்த ஹேஸை விட்டுவிடாதீர்கள். 1935-இல் லண்டனில் பிறந்தவர். தந்தை பி.பி.சி.யில் வயலின் வாசித்தவர். பதினோரு வயதில் டெனர், பதினைந்தில் தொழில்முறை வாசிப்பு. வைப்ரஃபோனும் புல்லாங்குழலும் பிறகு சேர்ந்தன. 1957 முதல் 1959 வரை ரோனி ஸ்காட்டும் அவரும் இரண்டு டெனராக நடத்திய ‘ஜாஸ் கூரியர்ஸ்’ குழுவின் வேகத்தைக் கேட்டால் மூச்சு வாங்கும், நமக்கு. 1964-இல் லண்டன் வந்த டியூக் எலிங்டனின் ஆர்கெஸ்ட்ராவில் பால் கோன்சால்வஸ் வாசிக்க முடியாமல் போன இரவில், அந்த நாற்காலியில் உட்கார்ந்து வாசித்தார். போதைப் பழக்கமும் இதயநோயும் சேர்ந்து 1973 ஜூன் 8-ஆம் தேதி, இதய அறுவைச் சிகிச்சையின்போது இறந்தார். வயது 38. பிரிட்டிஷ் ஜாஸ் ஒரே ஆண்டில் ஐந்து மாத இடைவெளியில் ஹாரியட்டையும் ஹேஸையும் இழந்தது.

*

எடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) தொடங்கியதிலிருந்து என் ஆல்ட்டோவில் ஜி ஷார்ப் வரவில்லை, ஜி-தான் வருகிறது. கீழ்ச் சுரங்களும் கரகரக்கின்றன. ரிப்பேருக்குக் கொடுத்த இடத்தில் ஒரு மாதம் வைத்திருந்து, பவுடர் போட்டு அப்படியே திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். என்ன செய்ய?
– பேண்டு மாஸ்டர், குலசேகரம்

இரண்டும் தனித்தனிக் கோளாறாக இருக்கலாம். முதலில் ஜி ஷார்ப். கீயை அழுத்தியபடி பேடைப் பாருங்கள். லிவர் இறங்கியும் பேடு எழவில்லை என்றால் ஒட்டியிருக்கிறது. அந்தப் பேடைத் தூக்குவது உங்கள் விரல் இல்லை, மெலிந்த ஸ்பிரிங் ஒன்றுதான். விரல் செய்வதெல்லாம் அதை அமுக்கிப் பிடித்திருக்கும் லிவரை விலக்குவது. எச்சிலும் ஈரமும் சேர்ந்து தோல் பிசுபிசுத்தால் அந்த ஸ்பிரிங்குக்கு அதைப் பிரிக்கும் பலம் கிடையாது. கீழ் சி ஷார்ப் பேடும் இதே மாதிரி ஒட்டும். சாயா குடித்த வாயோடு ஊதுவதுதான் முக்கியக் குற்றவாளி. சர்க்கரை போய்ப் படிகிறது. வாயைக் கொப்பளித்துவிட்டு ஊதச் சொல்லுங்கள்.

பேடை விரலால் மெல்லத் தூக்கி, சிகரெட் சுற்றும் மெல்லிய காகிதத்தை இடையில் விட்டு, லேசாக அழுத்திப் பத்து எண்ணி விடுங்கள். காகிதத்தின் காய்ந்த பகுதியை மாற்றி மாற்றி நாலைந்து தடவை. பேடு அழுத்தத்தில் இருக்கும்போது காகிதத்தை வெடுக்கென்று இழுத்தால் தோல் கிழியும். பிறகு துளை விளிம்பை ஈரத் துணியின் நுனியால் துடைத்து உலர்த்துங்கள். பவுடர் அன்றைக்கு மட்டும் பலன் தரும். அடுத்த மழையில் அதுவே ஈரத்தோடு குழைந்து பசையாகும்; உங்களுக்கு நடந்தது அதுதான்.

கீழ்ச் சுரம் கரகரப்பது காற்றுக் கசிவாக இருக்கும். இருட்டறையில், கிறிஸ்துமஸ் குடிலுக்குப் போடும் பேட்டரி சீரியல் எல்.இ.டி. சரத்தைக் குழாய்க்குள் மெதுவாக இறக்குங்கள். நெக்கை (மேலே வளைந்த குழாயை) கழற்றிவிட்டு மேலிருந்து இறக்குவது சுலபம். வாசிக்கும்போது அழுத்தும் அளவுக்கே கீகளை அழுத்தி, மேலிருந்து ஒவ்வொரு பேடாக மூடிக்கொண்டு வாருங்கள். மூடிய பேடின் ஓரத்தில் வெளிச்சம் கீற்றாகத் தெரிந்தால் கசிவு அங்கேதான். பலம் போட்டு அழுத்தினால் கசிவு மறைந்துவிடும். பிறகு விரல் வலிக்க வலிக்க வாசிக்கப் பழகிவிடுவீர்கள். கசிகிற பேடின் கீயில் ஒரு நூல் கட்டி அடையாளம் வைத்துவிட்டு, அந்த ஒரு பேடை மட்டும் மாற்றச் சொல்லிக் கொடுங்கள். மொத்த செட்டும் மாற்ற வேண்டும் என்று சொன்னால், விளக்குச் சரத்தைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். ஈரத் துணியை வாத்தியத்தோடு பெட்டிக்குள் வைத்து மூடும் பழக்கம் இருந்தால் அதையும் இன்றோடு நிறுத்துங்கள்.